அளவு ஜாக்கெட்

இடது கை மட்டும் இன்னும் உள்ளே போகவில்லை, அக்கா கண்ணாடிக்கு முதுகைக் காட்டி நிற்கிறாள், மயில்கழுத்து நிறப் பாவாடை தரையெல்லாம் விரிந்து கிடக்கிறது, அதற்கான மேல்சட்டையை ஒரு பக்கம் மட்டும் மாட்டிக்கொண்டு, மறுபக்கத்தை விரல்நுனியில் பிடித்தபடி, ஏட்டி, இதப் போட்டுக்கிட்டு வெளிய போகட்டுமா வேண்டாமா, நீ சொல்லு, என்று கேட்கிறாள், மண்டபத்தில் மெல்லிசைக்காரர்கள் ஒரு பாட்டை முடித்துவிட்டு அடுத்த பாட்டுக்கு மைக்கைத் தட்டிப் பார்க்கிறார்கள், மணி ஏழரை, நாளைக் காலையில் முகூர்த்தம், தாலி இன்னும் ஏறவில்லை. எங்கள் பக்கத்தில் இப்படித்தான், வரவேற்பை முதல் நாள் சாயங்காலமே வைத்துவிடுவார்கள், ஊரே வந்து மேடையில் இரண்டு பேரையும் சேர்த்து நிற்கவைத்துப் படம் எடுத்துக்கொண்டு, சாப்பிட்டுவிட்டுப் போய்விடும், ஆனால் அந்தச் சாயங்காலம் முழுக்க அவர்கள் புருஷன் பெண்டாட்டி இல்லை, என்ன வேண்டுமானாலும் நடக்கலாம், அம்மா பயந்ததெல்லாம் இடையில் இருந்த அந்த ஒரு ராத்திரியைத்தான்.

பூமாரி அக்காவின் இடது கை, முழங்கையிலிருந்து தோள் வரைக்கும், ஆறிப்போன பாலில் ஏடு சுருங்கியது மாதிரி இருக்கும், அதை நான் எத்தனை தடவை தடவியிருக்கிறேன், சிறு பிள்ளையில் அதைத் தடவாமல் எனக்குத் தூக்கம் வராது, அது எப்படி வந்தது என்று தெரிந்தவர்கள் இந்த உலகத்தில் இரண்டே பேர். அம்மாவும் அப்பாவும் தீப்பெட்டி ஆபீசுக்குப் போயிருந்தார்கள், அக்காவுக்குப் பத்து வயது, எனக்கு ஐந்து, அவள் சோற்றுப்பானையை இரண்டு கையாலும் சாய்த்துப் பிடித்துக் கஞ்சி வடித்துக்கொண்டிருந்தாள், எனக்கு மிட்டாய் வேண்டும், இப்போதே வேண்டும், ஏட்டி, வடிச்சுட்டு வாரேன், இரு என்றாள், நான் இருக்கவில்லை, அவள் பாவாடையைப் பிடித்துத் தொங்கினேன், பிறகு அந்தச் சத்தம், அது அக்காவின் சத்தமா பானையின் சத்தமா என்று இன்றைக்கு வரைக்கும் எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. சாயங்காலம் ஆஸ்பத்திரியில் அப்பா குனிந்து கேட்டபோது, நாந்தான் கை தவறிட்டேன்ப்பா என்றாள், நான் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு நின்றேன், அவள் என் பக்கம் திரும்பவே இல்லை, அப்புறம் ஒரு நாள்கூட அதைப் பற்றி எங்களுக்குள் பேச்சு இல்லை, கோபத்தில்கூட அவள் சொன்னதில்லை, சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அதிலிருந்து அவளுக்கு எல்லாச் சட்டையும் முழங்கைக்குக் கீழே இறங்கித்தான் இருக்கும், வெயில் காலத்திலும் அப்படித்தான், பெண் பார்க்க வந்தபோதும் அப்படித்தான், அவர்கள் ஒன்றும் கேட்கவில்லை, அடக்கமான பிள்ளை என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அவர்கள் போன பிறகு அம்மா அக்காவின் கையை எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டாள், தாலி ஏறுற வரைக்கும் அந்தப் பையன்கிட்ட மூச்சு விடக்கூடாது, சத்தியம் பண்ணு, என்றாள், அக்கா பண்ணினாள். பிறகு மாப்பிள்ளை வீட்டிலிருந்து போன் வந்தது, வரவேற்புக்கு நடுவில் பொண்ணு உடுப்பு மாத்தணும், இப்போ எல்லாரும் அப்படித்தான் செய்றாங்க, சேலை உங்களோடது, ரெண்டாவது எங்களோடது, அளவு ஜாக்கெட் ஒண்ணு குடுத்து விடுங்க என்று. அக்காவின் ஜாக்கெட்டைக் கொடுத்தால் ஏன் இவ்வளவு நீளக் கை என்று தையல்காரர் கேட்பார், தையல்காரர் கேட்டால் மாப்பிள்ளையின் தங்கை ரேணுகா கேட்பாள், அதனால் அம்மா என் ஜாக்கெட்டை எடுத்துத் துணிப்பையில் வைத்தாள், உனக்கும் அவளுக்கும் ஒரே அளவுதானே என்றாள், அது குட்டைக் கை ஜாக்கெட் என்பது எங்கள் இரண்டு பேர் கண்ணுக்கும் தெரிந்துதான் இருந்தது, கேள்வி வராமல் இருந்தால் போதும் என்ற நினைப்பில், தைத்து வருவதும் குட்டைக் கையாகத்தான் இருக்கும் என்று ஒருத்திக்கும் தோன்றவில்லை. கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது உடுப்பு வந்தது, அம்மா பெட்டியைப் பிரித்து, கையை விரித்துப் பார்த்துவிட்டு, அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள், அக்கா மட்டும் சிரித்தாள், நாமளே அளவு குடுத்துத் தச்சு வாங்கியிருக்கோம்மா என்றாள்.

கதவு தட்டுகிறார்கள், ரேணுகாதான், மதினி, எம்புட்டு நேரம், எங்கண்ணன் அங்க ஒத்தையில நின்னு பல்லக் காட்டிக்கிட்டு இருக்கான், இன்னும் பத்து நிமிஷம் போச்சுன்னா வேற ஒருத்தி வந்து பக்கத்துல நின்னுருவா பாத்துக்கோங்க, என்று அவள் சொல்ல, வெளியே நாலைந்து பேர் சிரிக்கிறார்கள், உள்ளே அம்மா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிறாள். இந்தா வந்துட்டோம்மா, என்று அம்மா கதவுக்குக் குரல் கொடுத்துவிட்டு என் காதருகே வருகிறாள், அவள் மூச்சில் வெற்றிலை வாசம், ஜிப்பு போச்சுன்னு சொல்லிருட்டி, போகலேன்னா போக வை, இன்னைக்கு ஒரு ராத்திரி தாண்டட்டும், என்று சொல்லிவிட்டுப் பக்கத்துக் கதவு வழியாக அப்பாவைத் தேடிப் போகிறாள், நானும் அக்காவும் மட்டும் இருக்கிறோம். நீ சொல்லு, என்று அக்கா மறுபடியும் கேட்கிறாள், அவள் முகத்தில் பயம் இல்லை, அன்றைக்கு நான் அதைப் பயம் என்றுதான் நினைத்தேன், இப்போது அந்த முகத்தை எத்தனை தடவை எடுத்துப் பார்த்தாலும் அதில் பயம் இல்லை, முக்கால்வாசி முடிவு செய்துவிட்டு, மிச்சத்துக்கு ஒரே ஒரு சொல்லை எதிர்பார்க்கிற முகம் அது, போட்டுக்கோக்கா, அவ்வளவுதான், அது ஒன்றைச் சொல்ல எனக்கு என்ன வந்தது. அவளே இடது கையையும் உள்ளே விட்டாள், பளீரென்ற அந்தத் துணிக்குக் கீழே அந்தக் கை முழுசாக வெளிச்சத்தில் இருந்தது, திரும்பி நின்று, ஜிப்பப் போடுளா, என்றாள், நான் ஜிப்பைப் பிடித்தேன், நேராக இழுத்தால் ஏறியிருக்கும், சாய்த்து இழுத்தேன், பல் பெயர்ந்து கையோடு வந்தது. என்னாச்சு என்றாள், போச்சுக்கா என்றேன், ஊக்கு குத்திரு என்றாள், ஊக்கு இல்லக்கா என்றேன், சேலைக்கு வேண்டும் என்று கொண்டுவந்த ஊக்குகள் பத்துப் பன்னிரண்டு என் வளையலிலேயே கோர்த்துத் தொங்கின, கண்ணாடியில் அக்கா அவற்றைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள், சரி, சேலையவே எடு, என்றாள்.

முதலில் கட்டியிருந்த சேலையிலேயே அவள் மேடைக்குப் போனாள், ஜிப்பு போச்சாம் என்று ரேணுகா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள், எங்க அத்தனை பேர் ஆசையும் போச்சு என்று மாப்பிள்ளையின் அம்மா சிரித்துக்கொண்டே சொன்னார், மாப்பிள்ளை இசக்கிராஜா மட்டும் அக்காவின் முகத்தைப் பார்த்தார், பிறகு அவள் சட்டைக் கையைப் பார்த்தார், அப்புறம் படம் எடுக்கிறவர் சொன்ன பக்கமெல்லாம் திரும்பி நின்றார். காலையில் தாலி ஏறியது, அம்மா அழுதாள், சந்தோஷம் என்றார்கள். மூன்றாம் நாள் தலைக்குத் தண்ணீர் ஊற்றும்போது அந்த வீட்டில் பார்த்துவிட்டார்கள், மறைச்சுக் கட்டி வச்சுட்டாங்க, என்ற ஒரே பேச்சு, அது இன்றைக்கு வரைக்கும் ஓயவில்லை, குழம்பில் உப்புக் கூடினாலும் அது, மழை பெய்யாவிட்டாலும் அது, மறைச்சவதானே நீ, என்று.

ஆடிக்கு அழைத்தபோது அக்கா வரவில்லை, மாப்பிள்ளை மட்டும் வந்தார், அப்பா இலை வாங்கக் கடைக்குப் போயிருந்தார், அம்மா அடுப்படியில் இருந்தாள், நான் தண்ணீர்ச் செம்பைக் கொண்டுபோய் வைத்தேன், ஏம்மா, உன்கிட்ட ஒண்ணு கேக்கட்டுமா, என்றார், அன்னைக்கு ஏன் உங்கக்கா அந்த உடுப்பப் போட்டுக்கிட்டு வரல. ஜிப்பு என்று தொடங்கினேன், அதில்லை என்று தலையை ஆட்டினார், எனக்கு முன்னாடியே தெரியும்மா, நிச்சயம் ஆன மாசமே போன்ல சொல்லி அழுதா, உங்கம்மாவுக்குப் பண்ணின சத்தியம் போச்சேன்னு அதுக்கும் அழுதா, உடுப்பு குட்டைக் கையா வந்ததும் நாந்தான் சொன்னேன், நல்லதாப் போச்சு, அதையே போட்டுக்கிட்டு வா, நான் பக்கத்துல நிக்கேன், எங்கம்மா கேட்டா தாலிக்கு முந்தியே கேக்கட்டும், எனக்குத் தெரியும்னு மேடையிலயே சொல்லிருவேன், அதுக்கப்புறம் மறைச்சாங்கன்னு ஒரு நாய் பேசாதுன்னு. செம்பை எடுத்தார், குடிக்கவில்லை, வைத்துவிட்டார். அந்தக் கதவையே பாத்துக்கிட்டு நின்னேன், சேலையோட வந்தா, ஏன்னு கேட்டா, பயமா இருந்துச்சுன்னு சொல்லுதா, இன்னைக்கு வரைக்கும் அதான் சொல்லுதா, இப்போ நான் எங்கம்மாகிட்ட எனக்கு முன்னமே தெரியும்னு சொன்னா, பொண்டாட்டிக்காகப் பொய் சொல்லுதேன்னு சிரிக்காங்க, போகட்டும், அதுகூடப் போகட்டும், அவ என்னய நம்பலையே, அதத்தான் என்னால தாங்க முடியல.

பயமாக இருந்தது என்று சொன்னாளாம். கை தவறிட்டேன் என்று சொன்ன அதே வாயால் சொல்லியிருப்பாள், என் பேச்சையே எடுக்காமல், அதே குரலில். அவர் என் முன்னால் உட்கார்ந்திருந்தார், அடுப்படியில் அம்மா தேங்காய் துருவும் சத்தம் கேட்டது, வாயைத் திறந்தால் போதும், ஜிப்பைப் பிய்த்தது நான்தான், அவளுடைய பத்து வயதில் கஞ்சியைக் கொட்டவைத்ததும் நான்தான், என்று இரண்டு வரி, அவர் எழுந்து வீட்டுக்குப் போய் அவளிடம் வேறு மாதிரிப் பேசியிருப்பார், நான் சாப்பாடு எடுத்து வைக்கிறேன் என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன். அதற்குப் பிறகு அவர் எங்கள் வீட்டுக்கு வரவில்லை, அக்கா எப்போதாவது போன் செய்கிறாள், சாப்பிட்டியாட்டி என்பாள், சாப்பிட்டேன்க்கா என்பேன், அவர் எப்படி இருக்கார் என்றால், இருக்கார், என்பாள்.

மத்தியானம் சற்றுக் கண்ணை மூடினாலும் அந்த அறை வந்துவிடுகிறது, அதில் அக்கா இரண்டு கையையும் மாட்டிக்கொண்டு தயாராக நிற்கிறாள், அம்மா இல்லை, ரேணுகா இல்லை, கதவு அகலத் திறந்து கிடக்கிறது, மண்டபத்தில் ஒரு ஆளில்லை, நாற்காலிகள் எல்லாம் காலி, மேடையில் அவர் மட்டும் இந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு நிற்கிறார், அக்கா என்னிடம் எதுவும் கேட்கவில்லை, போகட்டுமா வேண்டாமா என்ற கேள்வியே அங்கே இல்லை, முதுகைத் திருப்பிக் கூந்தலை முன்னால் எடுத்துப் போட்டுக்கொண்டு எனக்காகக் காத்திருக்கிறாள், எனக்கு இப்போது எல்லாம் தெரியும், அவர் எதற்காக நிற்கிறார் என்று தெரியும், நேராக இழுத்தால் ஏறிவிடும் என்று தெரியும், தெரிந்துகொண்டே கிட்டத்தில் போகிறேன், அவள் கழுத்தின் பவுடர் வாசம் வருகிறது, ஜிப்பைப் பிடிக்கிறேன், என் கை அதுவாகவே சாய்கிறது.