ஸ்டியரிங்கில் ஒரு விரல்

1
"பத்து லட்சம் பேருக்குக் குறைந்த ஊரில் மனிதன் சுதந்திரமாக வாழ்ந்ததே கிடையாது." டொரண்டோ கல்லூரி உணவகத்தில் லைல் ஃப்ரீசன் இதை அறிவித்தபோது நான் பக்கத்து மேசையில் இருந்தேன். கதையின் தொடக்கத்தை அங்கிருந்துதான் திருடினேன்; மீதியைப் பின்னால் அவனே என்னிடம் சொன்னான்.

லைலின் சொந்த ஊர் மேற்குக் கனடாவில், சஸ்காட்சுவான் மாநிலத்துக் கோதுமைவெளியில். முந்நூறு பேர் இருந்தால் அதிகம். அங்கே எதிரே வண்டி வந்தால், வணக்கமாக ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்க வேண்டும். (ஆட்காட்டி விரல். வேறெதையும் நினைக்க வேண்டாம்.) சண்டைக்காரனுக்கும் தூக்கியாக வேண்டும். லைல் நடித்துக் காட்ட, நண்பர்கள் ஐவரும் சிரித்தார்கள். ஐவருக்கும் ஒரே வயது, ஒரே மாதிரிக் கண்ணாடி. பெரிய ஊரில் நம்மைப் போன்றவர்களையே பொறுக்கிக்கொள்ளலாம். சின்ன ஊரில் கிடைத்தவரோடுதான் காலம் தள்ள வேண்டும்.

2
"அறுவடைக் காலத்துப் பொன்னொளியில் அந்தச் சாலை..." (இந்த வரியை அடித்துவிட்டேன்.)

அப்பா இடுப்பெலும்பு முறிந்து படுத்ததால் லைல் ஊருக்குப் போனான். அப்பாவின் வண்டியில் போகையில், இருபுறமும் கோதுமை தூக்கத்தில் மூச்சுவிடுவதுபோல் ஏறி இறங்கியது. வண்டி நிற்க, சாலைதான் நகர்வதாகத் தோன்றியது. எதிரே தூசிக்குள்ளிருந்து ஒரு வண்டி மிதந்து வந்தது. அதில் ஒரு விரல் எழுந்தது. லைலின் விரல் எழவில்லை. [கொள்கை.]

3
வீட்டில் அக்கா ட்வைலா காத்திருந்தாள்.

"வர்ற வழியில பக்கத்துப் பண்ணை க்ளாரன்ஸுக்கு விரல் தூக்கலையாமே?"

"தூசியில யாருன்னு தெரியலக்கா."

"அதுக்குத்தானடா விரலு. நாளைக்கு நம்ம வயலை அறுக்க மெஷினோட வர்றதா இருந்தாரு. இப்ப வரலையாம்."

"அப்பாவும் அவரும்தான் வடிகால் தகராறுல பேசிக்கிறதே இல்லையே?"

"பேசிக்கல. விரல் தூக்கிக்கிட்டாங்க. இப்ப போன் போட்டா எடுக்க மாட்டேங்குறாரு. மழை வருது, கோதுமை நனைஞ்சா பண்ணை போச்சு. உன் டொரண்டோ பசங்க அஞ்சு பேரும் அறுக்க வர்றாங்களா?"

4
முடிவு ஒன்று: லைல் க்ளாரன்ஸின் கதவைத் தட்டி மன்னிப்புக் கேட்கிறான். (அந்த ஊரில் இது முதல் குற்றத்தைவிட மோசம்.) முடிவு இரண்டு: மழை வருவதில்லை. (எனக்கு அந்த அதிகாரம் உண்டு. கூச்சமும் உண்டு.)

நடந்தது இவ்வளவுதான்: லைல் மறுபடி வண்டியை எடுத்தான். க்ளாரன்ஸ் தபால் வாங்கித் திரும்பும் சாலையில் போனான், வந்தான், போனான். மேகம் வயல்மேல் மெல்லச் சாய்ந்துகொண்டிருந்தது. கடைசியில் அந்த வண்டி தெரிந்தது, வெகு தூரத்தில். லைல் அப்போதே விரலைத் தூக்கிவிட்டான். தூக்கியபடியே ஓட்டினான்.

இதற்கு மேல் அவன் என்னிடம் சொல்லவில்லை, நானும் எழுதப்போவதில்லை. எதிர் வண்டியில் நீங்கள் உட்காருங்கள். ஸ்டியரிங்கில் இருப்பது உங்கள் கை.