ஒரு நாள் குடி, ஒரு நாள் காடு

காசு கொடுத்துப் பாழடைந்த கோயில் பார்க்க வருகிறவனை நான் நம்ப மாட்டேன். பூசை கிடையாது, பிரசாதம் கிடையாது, அதைச் சுற்றிக் காட்ட ஓர் ஆள், ஒரு கார். இதெல்லாம் ஒரு தொழிலா என்று என் மருமகள் பிரதிபாவிடம் நேராகவே கேட்டேன்.

“மாமா, மைசூரு ராஜா இருந்த ஊரு. அரண்மனை பாத்துட்டு மறுநாள் எங்க போறதுன்னு தெரியாம எல்லாரும் சேலைக் கடையில நிக்கறாங்க. அவங்கள நான் குடிக்கும் காட்டுக்கும் கூட்டிட்டுப் போறேன். அஷ்டே, அவ்வளவுதான்,” என்றாள்.

குடி என்று அவள் சொன்னது கோயிலை. கன்னடத்தில் அப்படித்தான். ஆனால் குதிரையில் வருகிற ‘கு’ இல்லை, குண்டு என்று சொல்லும்போது வருகிறதே, அந்த ‘கு’. பிரதிபா பிறந்தது தமிழ்க் குடும்பம்தான், வளர்ந்தது மண்டியாவில், படித்தது கன்னடத்தில். பூசை நடந்தால் அவளுக்குக் கோயில், வெறும் கல்லாக நின்றால் குடி. தமிழ் எழுத்தைப் போனில் பார்த்துத் தானாகக் கற்றுக்கொண்டாள். கற்றதோடு நிற்காமல், தமிழ்நாட்டுக்காரர்களுக்கென்று ஒரு நோட்டீஸும் எழுதிப் போனில் விட்டாள்.

“மைசூருவில் ஒரு நாள் குடி, ஒரு நாள் காடு. எழுநூறு வருடப் பழைய குடி. கூட்டம் இருக்காது. குடும்பத்தோடும் வரலாம்.”

என்னிடமும் காட்டினாள். நான் எழுத்துக் கூட்டிப் படிப்பதற்குள் விடிந்துவிடும். யானைப் படம் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டேன்.

என் மகன் நிகிலுக்கு பெங்களூருக்கு மாற்றலாகியிருந்தது. அவன் ஆபீசிலேயே அவளுக்கும் ஒரு வேலை தயாராக இருந்தது. இவள் போக மாட்டேன் என்றாள். கடைசியில் புருஷனும் பெண்டாட்டியும் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தார்கள். முதல் பயணத்துக்கு வருகிறவர்கள் திட்டிவிட்டுப் போனால், அவள் மறுபேச்சு இல்லாமல் பெங்களூருக்குப் போக வேண்டும். சந்தோஷமாகப் போனால் இங்கேயே இருப்பாள். அவன் சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை வந்து போகலாம். நிகில் சிரித்துக்கொண்டே ஒத்துக்கொண்டான். ஜெயித்துவிடுவான் என்றுதான் நானும் நினைத்தேன்.

முதலில் வந்தது கோபிச்செட்டிபாளையத்தில் இருந்து மூன்று ஆம்பளைகள். மஞ்சள் வியாபாரிகள். பெரியவர் ஜகதீசன், அவருக்கு ஒத்து ஊதுகிறவன் மதன், மூன்றாமவர் வாயைத் திறக்கவே இல்லை. வாயைத் திறக்காதவனை நான் இன்னும் அதிகமாகச் சந்தேகப்படுவேன். மூன்று முரட்டு ஆசாமிகளை நம்பி மருமகளைத் தனியாக வண்டி ஓட்ட விட முடியுமா? முன் சீட்டில் நான் ஏறி உட்கார்ந்துகொண்டேன்.

அவர்கள் பையைக் காலுக்கடியில் வைத்தபோது பாட்டில் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். சோடா, மிக்சர் பொட்டலம், பேப்பர் டம்ளர்.

“கோயிலுக்குப் போறதுக்குச் சோடா எதுக்குங்க?” என்றேன்.

“பெரியவரு நல்லாத்தான் பேசறாரு,” என்று ஜகதீசன் மதனைப் பார்த்துக் கண்ணடித்தார். “ஊட்டுலயும் அப்பிடித்தானுங்க சொல்லிட்டு வந்திருக்கறோம். கோயிலுக்குன்னு.”

வண்டி சோமநாதபுரம் ரோட்டில் திரும்பியது. பிரதிபா தன் பாடத்தை ஆரம்பித்தாள்.

“இந்தக் குடி எழுநூத்தம்பது வருஷத்துக்கு முந்தினது, சார்.”

“அத்தனை வருசம் கெடாம வெச்சிருக்கறாங்களா அம்மிணி!”

“சர்க்காருதான் பாத்துக்கறாங்க.”

“சர்க்காரேவா? இங்கயும் அப்பிடித்தானா!” என்றான் மதன்.

“உள்ள மூணு இருக்குது. மூணும் வேற வேற. ஒண்ணொண்ணா நிதானமாப் பாக்கணும்.”

“அவசரமே இல்லீங்க. பொழுதுக்கும் இருக்கறோம்.”

“மேல ஏறும்போது மட்டும் செருப்பைக் கழட்டிடணும்.”

ஜகதீசன் உருகிவிட்டார். “பாத்தியாடா மதன், கர்நாடகாக்காரன் எத்தனை மரியாதையாப் பண்றான்னு.”

அவள் கன்னட வாயில் ‘குடி’யை அழுத்திச் சொன்னதை, மைசூர்க்காரர்கள் நாக்கு கொஞ்சம் தடிப்பு என்று அவர்கள் எடுத்துக்கொண்டார்கள் போல. எனக்கு என்னமோ சரியாகப் படவில்லை. ஆனால் எனக்கு எதுதான் சரியாகப் பட்டிருக்கிறது?

மதன் பையைத் தூக்கிக்கொள்ள, வாசலைத் தாண்டி உள்ளே போனோம். புல்தரை, நடுவில் நட்சத்திரம் மாதிரி மடிப்பு மடிப்பாகக் கல் மேடை, அதன்மேல் மூன்று கோபுரம். மூவரும் கோயிலைப் பார்க்கவில்லை. கோயிலுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்கள்.

“சரிங்க அம்மிணி, குடி எங்கீங்க?” என்றார் ஜகதீசன்.

“இதே குடி, சார்.”

“இது கோயிலுங்க.”

“ஹௌது. குடி.”

மதன் போனை எடுத்து நோட்டீஸைக் காட்டினான். அவள் நோட்டீஸைப் பார்த்தாள், அவன் பையைப் பார்த்தாள், பாட்டிலைப் பார்த்தாள். பாவம், அங்கேயே நின்று தமிழ் கற்றுக்கொண்டாள். எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டது.

ஜகதீசனுக்குக் கோபம் தலைக்கு ஏறியது. “மலை ஏறி இறங்கி வந்தது இடிஞ்ச கல்லைப் பாக்கறதுக்குங்களா? ஊரை ஏமாத்தற வேலைன்னு போன்ல எழுதிப் போடறனா இல்லையான்னு பாருங்க. வண்டியத் திருப்புங்க!”

“ஏனுங்க, கோயில்னு சொல்லிட்டு வந்தீங்க, கோயிலுக்கே கொண்டாந்து விட்டிருக்குது. இதுல ஏமாத்து எங்க இருக்குது?” என்றேன்.

“மாமா, சும்மா இருங்க.” பிரதிபா அவர் பக்கம் திரும்பினாள். “தப்பு என்னுதுதான் சார். கொண்டுபோய் விட்டுடறேன்.” வண்டிச் சாவியைக் கையில் எடுத்தாள். அவள் மனசு அதற்குள் பெங்களூருக்கு மூட்டை கட்டிக்கொண்டிருந்தது எனக்குத் தெரிந்தது.

அப்போது ஜகதீசன் போன் அடித்தது. முகம் காட்டிப் பேசுகிற வீடியோ கால். அவர் சம்சாரம் அன்னபூர்ணி.

சற்று முன் சிங்கமாகக் கத்தின ஆள், செருப்பை உதறிவிட்டு மேடைப் படியில் ஓடி ஏறினார். பார்க்க வேண்டிய ஓட்டம்.

“ஏனுங்க, எங்க இருக்கறீங்க?”

“கோயில்லதான். சாமி கும்பிட்டுட்டு இருக்கறேன்.”

“போனைத் திருப்புங்க பாக்கலாம்.”

திருப்பினார். அந்தம்மாள் பார்த்தாள்.

“ஒரு விளக்குக்கூட எரியல. பூசாரியக் காணோம். உங்க நெத்தியில ஒரு பொட்டுத் திருநீறு இல்ல. கல்லுத்தூண் வெச்சுக் கட்டுன ஓட்டலா அது? எந்த ஊரு பிராந்திக்கடை?”

ஜகதீசன் நெற்றியைத் தடவிப் பார்த்துக்கொண்டார். பிரதிபா போய்ப் போனை வாங்கினாள்.

“நமஸ்காரா அக்கா. நான்தான் இவங்களக் கூட்டிட்டு வந்தேன்.”

“நீ யாரு?” குரல் இன்னும் ஏறியது.

நிலைமை மோசமாவதைப் பார்த்துப் பிரதிபா என்னைக் கூப்பிட்டாள். என் நரைத்த மீசையைப் பார்த்த பிறகுதான் அந்தம்மாள் கொஞ்சம் இறங்கினாள்.

“என்ற மருமவதானுங்க. நானும் கூடத்தான் வந்திருக்கறேன்.”

“நீங்களாச்சும் நெசத்தச் சொல்லுங்க பெரியவரே. இவங்க மூணு பேரும் குடிச்சிருக்கறாங்களா?”

பொய் சொல்ல எனக்கு வராது. “இன்னும் இல்லீங்க,” என்றேன்.

ஜகதீசன் தூணைப் பிடித்துக்கொண்டார். நல்ல வேளை, பிரதிபா பேச்சை எடுத்துக்கொண்டாள். சாமி சிலை பின்னமான கோயில் இது, பூசை நின்று ரொம்பக் காலமாச்சு, அதனால்தான் விளக்கில்லை, திருநீறில்லை என்றாள். “நீங்களே சுத்திப் பாருங்க அக்கா,” என்று போனைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். அடிவரிசையில் போகிற யானைகள், அதற்கு மேல் குதிரைகள், அதற்கும் மேலே ராமன் கதை, சிற்பி தன் பேரை வெட்டி வைத்திருக்கிற இடம். சாவியை எப்போது பைக்குள் போட்டாள் என்று நான் கவனிக்கவில்லை.

“நில்லு நில்லு அம்மிணி,” என்றது போன். “அந்தப் பொம்பள கழுத்துல என்ன சரம்? கிட்டக் காட்டு. மூணு வடமா, நாலு வடமா? அடியாத்தாடி, கல்லுல இப்பிடிச் செஞ்சிருக்கறானே! எங்க ஆசாரி தங்கத்துல செய்யத் தெரியாம முழிக்கறான். ஒரு போட்டோ புடிச்சு அனுப்பு.”

“அனுப்பறேன் அக்கா. இடுப்பு ஒட்டியாணம் பாக்கறீங்களா?”

பார்த்தாள். ஒட்டியாணம் முடிந்து கொலுசுக்கு வந்தார்கள். மதனும் அந்த ஊமை மனிதரும் வெயிலில் பின்னாலேயே நடந்தார்கள். ஊமை மனிதர் ஒரு இடத்தில் குனிந்து, “இந்த ஆனை துதிக்கை வேற மாதிரி இருக்குதுங்க,” என்றார். அவருக்குப் பேச வரும் என்பது அப்போதுதான் தெரிந்தது.

கடைசியில் அன்னபூர்ணி, “எங்க மகளிர் குழுவையே கூட்டிட்டு வர்றேன். ஆம்பளைங்க இல்லாம. உன்ற நோட்டீஸ் இருந்தா அனுப்பு அம்மிணி, குழுவுல போட்டுடறேன்,” என்றாள்.

போனுக்குப் பின்னால் ஜகதீசன் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டார். பூசை நின்றுபோன கோயிலில் அப்படி ஒரு பக்தியை நான் எதிர்பார்க்கவில்லை.

பிரதிபா அவரைப் பார்த்தாள். கொஞ்சம் நேரம் எடுத்துத்தான் பார்த்தாள். “அதுல ஸ்வல்ப எழுத்துப் பிழை இருக்குது அக்கா. சரி பண்ணிட்டு அனுப்பறேன்,” என்று போனை வைத்தாள்.

“அம்மிணி, நீங்க மவராசியா இருக்கோணும்,” என்றார் ஜகதீசன்.

“போன்ல எழுதிப் போடறேன்னு சொன்னீங்களே, சார்?”

“இதோ எழுதறனுங்க.” புல்தரையில் உட்கார்ந்து எழுதினார். ‘கோயில் அருமை. மனத்திருப்தி. பெரியவர் துணைக்கு வருவதால் பெண்கள் தைரியமாக வரலாம்’ என்று மதன் வாசித்துக் காட்டினான். அப்புறம் அவளுடைய நோட்டீஸை வாங்கி, ஜகதீசனே குடி வருகிற இடமெல்லாம் தேடித் தேடி எடுத்துவிட்டுக் கோயில் என்று போட்டுக்கொடுத்தார்.

“உங்க கையாலயே குடிய எடுக்கறீங்களே, சங்கடமா இல்லீங்களா?” என்றேன்.

“அட சும்மா இருங்க பெரியவரே. ‘இன்னும் இல்லீங்க’ன்னு சொன்னீங்களே, அதுலயே எனக்கு எல்லாம் தெளிஞ்சு போச்சு.”

சோடாவை எனக்கும் ஒரு டம்ளர் ஊற்றிக் கொடுத்தார்கள். மோந்து பார்த்துவிட்டுத்தான் குடித்தேன்.

சாயங்காலம் அவர்களை லாட்ஜில் இறக்கிவிட்டோம். விடிந்தால் காட்டுக்குப் போக வேண்டும், சீக்கிரம் தயாராக இருங்கள் என்று பிரதிபா சொன்னதற்கு மூவரும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரித் தலையாட்டினார்கள். வீட்டுக்குள் நுழைந்ததும் நிகில் போன் செய்தான். அவன் குரலில் ஜெயித்தவனின் இரக்கம் இருந்தது.

“என்ன பிரதிபா, ரொம்பத் திட்டிட்டாங்களா? பரவாயில்ல விடு. பெங்களூருல வீடு பாத்து வெச்சிருக்கேன்.”

“உங்களுக்கு மட்டும் சின்னதா ஒரு ரூம் பாருங்க,” என்றாள். “அடுத்த மாசம் கோபியில இருந்து ஒரு மகளிர் குழுவே வருது. நம்ம கார் பத்தாது. ஒரு டெம்போ பேசணும்.”

“போனை அப்பாகிட்ட கொடு,” என்றான். கொடுத்தாள்.

“அப்பா, இவ சொல்றது நெசமா?”

“நெசம்தான்டா,” என்றேன். “டெம்போக்காரன்கிட்ட நீயே பேசு. எனக்கு அவனுங்க மேல நம்பிக்கை இல்ல.”