ஒற்றைக் கால் மழித்த நிலையில்

அணித் தேர்வுக்கு முதல் நாள் மாலை. தவளை வலது காலை மழித்துவிட்டு இடது காலுக்கு நுரை பூசிய நேரத்தில் போன் அடித்தது. தவளைபோல் காலை உதைத்து நீந்தும் தவளை நீச்சலில் அவள் நாட்டிலேயே முன்வரிசை என்பதால் வந்த பெயர். பெற்ற அம்மாவும் அப்படித்தான் கூப்பிடுவாள். நீச்சல்காரர்கள் மாதக்கணக்கில் கை கால் முடியை வளரவிட்டு, போட்டிக்கு முந்தின நாள் வழித்துவிடுவார்கள். தோலில் தண்ணீர் புதிதாகப் படும், உடம்பு வழுக்கிக்கொண்டு போகும் என்பது நம்பிக்கை.

போனில் சங்கச் செயலாளர்.

"போட்டி மூணு வாரம் தள்ளிப்போச்சும்மா. குளத்துல கட்டின புது கேலரியைத் திறக்க வேண்டிய விருந்தினர் வெளியூர் போயிட்டார். நல்லதுதானே, இன்னும் நல்லா ரெஸ்ட் எடுக்கலாம்."

அணியில் இரண்டு இடம். வயது ஏறிவிட்டது, இந்தத் தடவை இல்லாவிட்டால் இனி இல்லை என்று சொன்னவரும் இவரேதான்.

அவள் பயிற்சியாளரைக் கூப்பிட்டாள். ஊரில் அவருக்கு கிராஃப் என்று பெயர். குளத்துச் சுவரில் சிவப்பு மையால் மலை வரைந்து, அதன் உச்சியில் கொடி நட்டு, கொடியில் நாளைய தேதியை எழுதியிருந்தார். ஆறு மாதம் அவளைப் பிழிந்தெடுத்து, கடைசியில் நீந்தும் தூரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, களைப்பெல்லாம் வடிந்து உடம்பு சரியாக அந்தக் கொடியடியில் போய் நிற்கும்படி ஏற்பாடு.

"சார், இடது காலை என்ன பண்றது?"

"விஞ்ஞானப்படி பாத்தா..." என்று ஆரம்பித்தவர் அங்கேயே நின்றுவிட்டார். கிராஃப் ஒரு வாக்கியத்தைப் பாதியில் விட்டது அதுதான் முதல் தடவை.

"அதையும் எடுத்துடு," என்றாள் கதவோரம் நின்ற அம்மா. "இல்லேன்னா ஒரு பக்கமாவே சுத்திச் சுத்தி வருவே."

மறுநாள் காலை கிராஃப் அவளைப் பயிற்சிக் குளத்தில் சும்மா மெதுவாக நீந்தச் சொன்னார். உடம்பு கேட்கவில்லை. தண்ணீர் வழிவிட்டது. கிராஃப் ஸ்டாப்வாட்ச்சைப் பார்த்தார், மறுபடி பார்த்தார், பைக்குள் போட்டுக்கொண்டார்.

"எவ்வளவு சார்?"

"கை தவறி அழுத்திட்டேன்."

"உங்க மூஞ்சி அப்படிச் சொல்லலையே."

"உன் வாழ்நாள்லயே வேகமான நேரம் இதுதான்மா," என்றார். இரண்டு பேருமே சிரிக்கவில்லை.

இனி கடுமையாகப் பயிற்சி செய்தால் களைப்பு ஏறும், அது வடிய நாள் இல்லை. ஓய்விலேயே இருந்தால் பலம் இறங்கும். கிராஃப் இரண்டையும் கொஞ்சம் கொஞ்சம் செய்தார். சுவரில் பழைய மலைக்குப் பக்கத்தில் இன்னொன்று முளைத்தது; பார்வைக்குக் குப்பைமேடு.

"உச்சத்தை அப்படியே பிடிச்சு வெச்சுக்குவோம்," என்றார்.

"நேத்துப் பசிக்கு நாளைக்குச் சாப்பிட முடியுமா சார்?"

போட்டி நாள் வந்தது. தாடிபோல் முளைத்திருந்த கால் முடியை மறுபடி வழித்தாள். தோலுக்குப் புதிதாக ஒன்றும் தெரியவில்லை. விருந்தினர் ரிப்பன் வெட்டினார், தனக்கு நீச்சலே தெரியாது என்று சொல்லிக் கைதட்டல் வாங்கினார், முதல் பந்தயத்துக்கு முன்பே கிளம்பிவிட்டார்.

தவளை மூன்றாவதாக வந்தாள்.

"இன்னும் கொஞ்சம் ரெஸ்ட் எடுத்திருக்கணும்மா," என்று செயலாளர் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

மூன்று வாரமாக இரவல் வாட்ச்சில் ஓட்டிக்கொண்டிருந்த கிராஃப், பையிலிருந்து தன்னுடையதை எடுத்தார். தள்ளிப்போன அன்றைக்குக் காலையில் அவள் நீந்திய நேரம் அதில் அழியாமல் நின்றது.

"அழிச்சிடுங்க சார். வேற யாருக்காவது வாட்ச் வேணும்ல."

அவர் கட்டைவிரல் பொத்தான்வரை போனது. அழுத்தவில்லை.