பாப்பாவின் பாட்டுக்குக் கிடைத்த இடம்

விமான நிலையத்திலிருந்து இசை முகாமுக்கு வேனில் இரண்டரை மணி நேரம். பாதி வழியில்தான் நர்ஸம்மாவுக்கு விஷயம் தெரிந்தது.

அவளை எல்லாரும் நர்ஸம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். ரத்த வங்கியில் பதினெட்டு வருட வேலை, வயது நாற்பத்து மூன்று. கல்யாணத்துக்குப் பிறகும் அவள் விடாமல் வைத்திருந்தது பாட்டு வகுப்பு ஒன்றைத்தான். வெளிநாட்டில் பத்து நாள் தங்கிப் பாடக் கற்கும் முகாம், பன்னிரண்டு பேருக்குத்தான் இடம் என்று கேள்விப்பட்டு ஒரு பாட்டைப் பதிவு செய்து அனுப்பினாள். இடம் கிடைத்துவிட்டது. கணவர் அதை வாட்ச்மேன் முதற்கொண்டு எல்லாரிடமும் சொல்லி முடித்துவிட்டார்.

அன்றே நான்கு மணிக்கு அறிமுகக் கூட்டம், அனுப்பிய பாட்டையே எல்லார் முன்னாலும் பாட வேண்டும் என்று மின்னஞ்சல் வந்திருந்தது. ஒரு தடவை கேட்டுக்கொள்ளலாமே என்று தான் அனுப்பிய பதிவைத் தட்டிக் காதில் வைத்தாள்.

முதல் வரியிலேயே தெரிந்துவிட்டது. பாடுவது அவள் இல்லை. பாப்பா.

பாப்பா என்றால் குழந்தை இல்லை. கணவரின் தங்கை, முப்பத்தாறு வயது, துணிக்கடையில் பில் போடுகிறவள். கடைக்குட்டி என்பதால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. பாட்டு வகுப்புப் பக்கமே போனதில்லை. அண்ணி பாடும்போது பக்கத்தில் உட்கார்ந்து துணி மடிப்பாள், அவ்வளவுதான். பதிவு செய்த அன்று, "மைக் சரியா இருக்கான்னு பாத்துடறேன் அண்ணி" என்று அதே பாட்டை அவளும் ஒருமுறை பாடினாள். போனில் இரண்டு பதிவும் மேலும் கீழுமாக இருந்தன. அனுப்பும் அவசரத்தில் விரல் மாறி விழுந்திருக்கிறது.

நர்ஸம்மா பதிவை நிறுத்தினாள். திரும்பிப் போகலாமென்றால் வேன் முன்னால் போய்க்கொண்டிருந்தது.

முகாம் ஒரு பழைய பள்ளிக்கூடத்தில். அவளுக்குக் கொடுத்த அறையில் இரும்புக் கட்டில், சாம்பல் நிறக் கம்பளி, கதவுக்குப் பின்னால் இரண்டு கொக்கி. ஜன்னலுக்கு வெளியே நனைந்த விளையாட்டு மைதானம். சாவியைக் கொடுத்த அலுவலகப் பெண் தமிழ் பேசினாள்.

"உங்களைப் பாக்கணும்னு எங்க டீச்சர் காலையிலேருந்து கேட்டுட்டே இருக்காங்க. உங்க பாட்டை மட்டும் ரெண்டு தடவை போட்டுக் கேட்டாங்கன்னா பாத்துக்கோங்க."

"அப்படியா" என்றாள் நர்ஸம்மா.

கதவைச் சாத்திவிட்டுப் பாப்பாவுக்குப் போன் போட்டாள். அங்கே கடையில் பில் மெஷின் சத்தம் கேட்டது.

"போய்ச் சேந்துட்டீங்களா அண்ணி? குளிருதா?"

"பாப்பா, நான் சொல்றதைக் கேளு. தப்பு நடந்துபோச்சு. நான் அனுப்பினது என் பாட்டு இல்ல. உன்னோடது."

பில் மெஷின் நின்றது. "என்னோடதா?"

"ஆமா. நீ மைக் பாக்கறேன்னு பாடினியே, அது."

"அப்போ அவங்க எடுத்தது என் பாட்டையா?"

"ஆமாடி."

பாப்பா குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள். "வெளிய சொல்லாதீங்க அண்ணி. ஊரு விட்டு ஊரு போயிருக்கீங்க. தொண்டை கட்டிக்கிச்சுன்னு சொல்லி ஒப்பேத்திடுங்க. யாருக்குத் தெரியப்போகுது?"

"ம்."

"அண்ணி, ஒண்ணு கேக்கட்டுமா? அவங்க என்ன சொன்னாங்க? பாட்டைப் பத்தி?"

"ரெண்டு தடவை போட்டுக் கேட்டாங்களாம்."

"ரெண்டு தடவையா" என்றாள் பாப்பா. அப்புறம், "கஸ்டமர் நிக்கறாங்க" என்று வைத்துவிட்டாள்.

நர்ஸம்மா கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். தொண்டை கட்டிவிட்டது என்று ஒரு நாள் சொல்லலாம். பத்து நாள் சொல்ல முடியுமா? முழுப் பூசணிக்காயை எத்தனை சோற்றில் மறைப்பது? அதைவிட, பாப்பா "ரெண்டு தடவையா" என்ற விதம் அவளை உட்கார விடவில்லை. வாங்கிக்கொண்டு வந்த பாராட்டு அவளுடையது இல்லை. அதை அமுக்கிக்கொண்டு பத்து நாள் சாப்பிட்டுத் தூங்க முடியாது.

மூன்றே கால் மணிக்கு அலுவலகப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு ஆசிரியையின் அறைக்குப் போனாள். ஆசிரியை உயரமானவர், கத்தரித்த வெள்ளை முடி. மேசையில் காகிதங்களை அடுக்கிக்கொண்டிருந்தவர் சிரித்தபடி எழுந்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டு நின்றால் சொல்லவே மாட்டோம் என்று நர்ஸம்மாவுக்குத் தோன்ற, வாசலிலிருந்தே சொல்லத் தொடங்கினாள். அலுவலகப் பெண் பாதி மொழிபெயர்த்ததும் நிறுத்தி, "நிஜமாவா?" என்று அவளையே கேட்டாள்.

"நிஜம்தாம்மா. சொல்லுங்க."

ஆசிரியை உட்கார்ந்தார். சிரிப்பு போய்விட்டது. பாடச் சொன்னார்.

நர்ஸம்மா பாடினாள். கீழே சரியாகத்தான் இருந்தது. மேலே போகும் இடத்தில் மூச்சுப் போதவில்லை, குரல் பிசிறிற்று. ஆசிரியை கடைசிவரை கேட்டார். பிறகு பேசினார். அலுவலகப் பெண் தரையைப் பார்த்தாள். மொழிபெயர்க்கும் முன்பே நர்ஸம்மாவுக்குப் புரிந்துவிட்டது.

"இந்தப் பாட்டுக்கு இடம் கொடுத்திருக்க மாட்டேன்னு சொல்றாங்க. சுருதி நல்லாயிருக்காம். குரல் இன்னும் நிறைய வரணுமாம். தனியாப் பாட வைக்க முடியாதாம்."

"சரி. நான் கிளம்பணுமா?"

ஆசிரியை எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றார். அறையைச் சூடாக்கும் குழாயில் வெந்நீர் ஓடும் சத்தம் கேட்டது. கணவரிடம் என்ன சொல்வது, லீவு கொடுத்த ரத்த வங்கி மேட்ரன் முகத்தில் எப்படி விழிப்பது என்று நர்ஸம்மாவின் மனம் ஊர் வரை ஓடித் திரும்பியது. ஆசிரியை ஏதோ சொன்னார்.

"வந்தவங்களைத் திருப்பி அனுப்பற வழக்கம் இல்லையாம். கூட்டுப் பாட்டுல பின்வரிசையில நிக்கலாமாம். மூச்சுப் பயிற்சி தினம் காலையில ஆறு மணிக்கு. தவறக் கூடாதாம்." அலுவலகப் பெண் இதைச் சொல்லும்போது லேசாகச் சிரித்தாள். "அப்புறம், அந்தப் பாப்பாகிட்டப் பேசணுமாம்."

அவமானமா, நிம்மதியா என்று நர்ஸம்மாவுக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள்.

"பாப்பா, நான் எல்லாத்தையும் சொல்லிட்டேன். இப்ப அவங்க உன்கூடப் பேசணுங்கறாங்க."

"ஐயோ, என்ன அண்ணி நீங்க. நான் என்ன பேசறது? எனக்கு ஒண்ணும் தெரியாதே."

"கேட்டதுக்கு பதில் சொல்லு, போதும். யாருகிட்டப் பாட்டுக் கத்துக்கிட்டேன்னுதான் முதல்ல கேப்பாங்க."

"துணி மடிச்சேன்னா சொல்றது?"

"அதைத்தான் சொல்லு" என்று நர்ஸம்மா போனை ஆசிரியையிடம் நீட்டினாள். அலுவலகப் பெண் நாற்காலியை நகர்த்திக்கொண்டு பக்கத்தில் வந்தாள். கூட்டத்துக்கு இன்னும் இருபது நிமிடம் இருந்தது.