ஹாரின்சைல் பாலத்தைக் கடந்துகொண்டிருக்கும் கப்பல்

ஹாரின்சைல் தூக்குப்பாலத்தை ஒரு ஜூலை மாதச் செவ்வாய்க்கிழமை காலை பத்து நாற்பதுக்குக் கடக்கத் தொடங்கிய மணல் கப்பல், பதின்மூன்று வருடமாகியும் இன்னும் கடந்து முடியவில்லை. மணல் பாரத்தில் அதன் தளம் கரைமட்டத்துக்குத் தாழ்ந்திருக்கிறது. அகலம் நாலு எட்டு வைத்தால் தாண்டிவிடும் அளவுதான், வேகம் வயதானவர் நடக்கிற வேகம். குறை சொல்வதென்றால் நீளத்தை மட்டும்தான் சொல்ல வேண்டும்.

அன்று ஏரிக்கரையில் கூடாரம் போட்டிருந்த ஒரு குடும்பம், பகலில் எங்கள் ஊரைச் சுற்றிப் பார்க்கச் சைக்கிளில் வந்திருந்தது. அப்பா ரூலோஃப் ஆறு வயது மகள் யெல்ஸ்கேயைத் தோளில் தூக்கிக்கொண்டு, பொரித்த மீன் வாங்கப் பாலத்தைத் தாண்டிப் போய்விட்டார். அம்மா ஹில்லி மூன்று சைக்கிளுக்கும் இரண்டிரண்டு பூட்டுப் போட்டுக்கொண்டிருந்தாள். ஆறாவது பூட்டின்போது மணி அடித்தது, சிவப்பு விளக்கு எரிந்தது, தடுப்புக்கட்டை இறங்கியது. ஓடியிருந்தால் போயிருக்கலாம். சிவப்பில் ஓடும்படி அவளை யாரும் வளர்க்கவில்லை. "அஞ்சு நிமிஷம்தான்" என்று அக்கரைக்குக் கையாட்டினாள்.

சுற்றிக்கொண்டு போகலாமே என்று வெளியூர்க்காரர்கள் பெரிய கெட்டிக்காரர்கள் மாதிரி கேட்பார்கள். போய்த்தான் பார்த்தாள். வடக்கே பதினொரு பாலம், தெற்கே பதினாறு பாலம், எல்லாம் இதே கப்பலுக்காகத் தூக்கி நின்றன. கப்பல்மேல் ஏறித் தாண்டுவதோ எங்கள் பக்கம் நடக்கிற காரியமில்லை. கப்பல் என்பது அடுத்தவர் வீடு. ஜன்னலில் பூந்தொட்டி இருக்கிறது, கொடியில் துணி காய்கிறது, கேட்காமல் கால் வைக்க முடியுமா? கேட்க வேண்டியது கப்பல்காரரை. அவருடைய அறை மணல் கப்பலில் எப்போதும் பின்கோடியில்தான். பின்கோடி இன்னும் வரவில்லை. மூன்றாம் நாள் ஹில்லி, தளத்தில் துணி உலர்த்திக்கொண்டே நகர்ந்துபோன பெண்ணிடம் கேட்டாள்.

"ஏங்க, தாண்டிக்கலாமா? பொண்ணு அந்தப் பக்கம் நிக்குது."

"நான் என்னம்மா சொல்றது, அவர்தான் சொல்லணும். பின்னாடி சொல்லியனுப்பறேன். பதில் வர லேட்டாகும்."

கேள்வி வாய்க்கு வாய் மாறிப் பின்கோடியை நோக்கிப் போனது. ஹில்லி கூடாரத்தைப் பாலத்தருகே மாற்றிக்கொண்டாள், நகராட்சி ஆறு வாரத்துக்கு ஒருமுறை அனுமதியைப் புதுப்பித்துத் தந்தது. ரூலோஃப் மீன்கடை மாடியில் அறை எடுத்தார், யெல்ஸ்கே அந்தப் பக்கத்துப் பள்ளியில் சேர்ந்தாள். தினம் நாலு மணிக்கு இரு கரையிலும் நின்று பேசிக்கொண்டார்கள். இரண்டு வருடம் ஒரு தாய் மகளின் தலையைத் தொடவில்லை. கொடுமை என்பதைத் தவிர அதற்கு வேறு பெயர் எனக்குத் தெரியவில்லை.

எங்கள் பிள்ளைகள் உடுத்திய துணியோடும் ஷூவோடும் நீந்திக் காட்டினால்தான் நீச்சல் சான்றிதழ் கிடைக்கும். தண்ணீர் சூழ்ந்த நாட்டில் யாரும் நீச்சலுடையோடு தவறி விழுவதில்லை அல்லவா.

"வெள்ளிக்கிழமை எனக்குப் பரீட்சைம்மா. எல்லா அம்மாவும் வராங்க."

"பதில் வரட்டும் கண்ணு."

"இதையேதான் சொல்லிட்டிருக்க. போ, நீ கப்பலையே பாத்துட்டிரு."

வெள்ளிக்கிழமை காலை ஹில்லி ஷூவைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். கழுவித் துடைத்த தளம் அழுக்காகக் கூடாதே. தடுப்புக்கட்டைக்குக் கீழே குனிந்தாள். பாலக் காவலர் மைண்டெர்ட் பதறிப்போனார்.

"ஏம்மா, சிவப்பு எரியுது!"

"எரியட்டும்."

தளத்தில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தவரிடம் மன்னிப்புக் கேட்டாள். அவர் வாளியைத் தள்ளி வைத்து வழிவிட்டார். யெல்ஸ்கே கோட்டும் கால்சட்டையும் ஷூவுமாக நீந்திவந்து கரையைத் தொட்டபோது, முதலில் பட்டது அம்மாவின் கை. சொட்டச் சொட்ட நின்ற மகளை ஹில்லி அணைத்துக்கொண்டாள். பயிற்சியாளர் இரண்டு முறை சொல்லியும் விடவில்லை.

மறுவாரம் தபால்காரர் தாண்டினார், பிறகு பள்ளிப் பிள்ளைகள், பிறகு பாதிரியார். குடும்பம் இக்கரையிலேயே வீடு பார்த்துக்கொண்டது. ரூலோஃபுக்கு வேலை அக்கரையில், தினம் இருமுறை கப்பலைத் தாண்டுகிறார். போன வசந்தத்தில், பத்தொன்பது வயது யெல்ஸ்கே அக்கரையில் ரொட்டி வாங்கித் திரும்பும்போது, கப்பலிலிருந்து ஒருவர் கூப்பிட்டார்.

"உங்கம்மா கேட்டதுக்குப் பதில் வந்திருக்கு. கூடாதுன்னுட்டார்."

"சரிங்க, அம்மாகிட்ட சொல்லிடறேன்" என்று சொல்லிவிட்டு, யெல்ஸ்கே கப்பலைத் தாண்டி வீட்டுக்குப் போனாள்.