ஏழாம் நம்பர் வீட்டுச் சுவர்

சூளகிரியிலிருந்து இரண்டு கிலோமீட்டர் உள்ளே, முனிவேலின் கொத்தமல்லித் தோட்டம் இருந்த இடத்தில் இப்போது லைன் வீடு இருக்கிறது. வரிசையாகப் பத்து வீடுகள், பத்திலும் கம்பெனி ஆட்கள். ஏ ஷிப்டுக்காரர் கிளம்புகிற நேரத்தில் சி ஷிப்டுக்காரர் திரும்பி வருவார். வண்டிச் சத்தம் கேட்கும், பூட்டுத் திறக்கிற சத்தம் கேட்கும். மனிதக் குரல் கேட்பதுதான் அபூர்வம்.

அது தானாக அமைந்ததல்ல, முனிவேல் யோசித்துக் கட்டியது. பாகலூரில் அவர் முதலில் கட்டிய வீடுகளில் எதிரெதிர் வாசல், நடுவில் ஒரே குழாய். குடத்துக்குச் சண்டை, கோலத்துக்குச் சண்டை, கொடியில் காய்கிற துணிக்குச் சண்டை. பஞ்சாயத்துப் பண்ணியே மனிதருக்குப் பாதி ஆயுசு போயிற்று. அதனால் இங்கே வீட்டுக்கொரு குழாய், வீட்டுக்குள்ளேயே பாத்ரூம், ஒவ்வொரு இரண்டு வாசலுக்கும் நடுவே ஆள் உயரத் தடுப்புச் சுவர். முகம் பார்த்தால்தானே சண்டை வரும்? குடிவந்தவர்களுக்கும் அது பிடித்துத்தான் இருந்தது. பேச யாருக்குத் தெம்பு இருக்கிறது? ஓவர்டைமும் சேர்த்துப் பன்னிரண்டு மணி நேரம் நின்றுவிட்டு வருகிறவனுக்குப் படுக்கப் பாய் கிடைத்தால் போதும்.

எட்டாம் நம்பரில் குடியிருந்தவன் ஆனந்த். பெரம்பலூர்க்காரன், கம்பெனியில் இரும்புத் தகடு அழுத்துகிற பிரஸ் ஷாப்பில் வேலை. அந்த வாரம் முழுக்க சி ஷிப்ட், ராத்திரி வேலை. புதன்கிழமை காலையில் வந்து படுத்தவனுக்குப் பத்து மணி வாக்கில் தூக்கம் கலைந்தது. ஏழாம் நம்பர் பக்கத்துச் சுவரில் யாரோ தட்டினார்கள். டொக், டொக் என்று விட்டு விட்டு வந்தது. ஆணி அடிக்கிறானா, தேங்காய் உடைக்கிறானா, என்ன எழவோ. தலையணையைக் காதில் அழுத்திப் பார்த்தான், நிற்கவில்லை. எரிச்சலோடு எழுந்து உட்கார்ந்து, கையை மடக்கி அதே சுவரில் ஓங்கி மூன்று குத்து விட்டான். சத்தம் நின்றது. அப்படி வா வழிக்கு என்று முனகிவிட்டுத் தூங்கிப்போனான்.

சாயங்காலம், தொட்டியில் சொட்டுத் தண்ணீர் இல்லையென்று யாரோ போன் பண்ண, முனிவேல் சலித்துக்கொண்டே வந்து சேர்ந்தார். ஏழாம் நம்பர் கதவுக்கு அடியிலிருந்து தண்ணீர் வழிந்து வாசலெல்லாம் சேறாகக் கிடந்தது. குழாயை மூடாமல் எங்கே போய்த் தொலைந்தான் என்று திட்டிக்கொண்டே கதவைத் தட்டினார். பதில் இல்லை. தள்ளிப் பார்த்தால் உள்தாழ்ப்பாள் போட்டிருந்தது. சத்தம் கேட்டு ஆனந்த் வெளியே வந்தான். இருவருமாகக் கதவை உடைத்தார்கள்.

பாத்ரூமில் ஐம்பது வயசு மனிதர் ஒருவர் நினைவில்லாமல் கிடந்தார். தொடை கோணி வீங்கியிருந்தது. அவர் வேட்டி தண்ணீர் போகிற ஓட்டையை அடைத்திருந்தது. கைக்குப் பக்கத்தில், எட்டாம் நம்பர் சுவரை ஒட்டி, நசுங்கிய சொம்பு ஒன்று கிடந்தது. அதைப் பார்த்ததும் ஆனந்துக்கு விஷயம் விளங்கிவிட்டது.

ஆம்புலன்ஸில் வந்தவர் பேஷண்ட் பேர் என்னவென்று கேட்டார். முனிவேல் போனில் தேடினார். அதில் 'ஏழாம் நம்பர்' என்றுதான் போட்டு வைத்திருந்தார். ஆனந்தைப் பார்த்தார். ஒன்றரை வருஷமாக அதே சுவருக்கு இந்தப் பக்கம் படுத்துத் தூங்கியவன், அவனுக்கும் தெரியவில்லை. வெட்கக்கேடு. கடைசியில் ஆணியில் தொங்கிய கம்பெனி அட்டையைப் பார்த்துத்தான் வெள்ளைச்சாமி என்று சொன்னார்கள்.

கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரியில் உயிரைப் பிடித்துக் கொடுத்தார்கள். இன்னும் இரண்டு மணி நேரம் போயிருந்தால் சொல்வதற்கில்லை என்றார் டாக்டர். மூன்றாம் நாள் முனிவேலும் ஆனந்தும் பார்க்கப் போனார்கள். மானாமதுரையிலிருந்து ராவோடு ராவாக வந்த மனைவி ராஜாத்தி, கட்டிலோரம் களைத்துப்போய் உட்கார்ந்திருந்தார். வாரலீவு என்று குளிக்கப் போனவர் வழுக்கி விழுந்திருக்கிறார். போன் கட்டிலில் கிடந்திருக்கிறது. கத்தியது ஃபேன் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை.

மூன்று நாளாகச் சோறு இறங்காத ஆனந்த், வந்ததும் வராததுமாகச் சொல்லிவிட்டான்.

"அண்ணே, நீங்க தட்டுனது எனக்குக் கேட்டுச்சு. தூக்கத்தக் கெடுக்குறாங்கன்னு நெனச்சு நாந்தான் திருப்பிக் குத்துனேன்."

வெள்ளைச்சாமி கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை.

"அது நீங்கதானா தம்பி? பதிலுக்குத் தட்டவும், ஆகா, கேட்டுருச்சு, இந்தா ஆளு வர்றாகன்னு நெனச்சேன். அதான் தட்டுறத நிப்பாட்டிட்டேன். அப்பறம் கையத் தூக்க முடியல."

ஆனந்த் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு தேம்பினான். ராஜாத்தி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

முனிவேலுக்கு அங்கே நிற்க முடியவில்லை. குத்தியவன் அவன், குத்த வைத்தது யார்? வராந்தாவுக்கு வந்து, வீடு கட்டிய மேஸ்திரி மாடசாமிக்குப் போன் போட்டு, வாசல் தடுப்பு ஒன்பதையும் நாளைக்கே இடிக்கச் சொன்னார். பைத்தியமா உங்களுக்கு, பாகலூர்ல பட்டது போதாதா என்று கேட்டார் மேஸ்திரி.

முனிவேல் சுவரில் சாய்ந்துகொண்டு மெதுவாகச் சொன்னார்:

"இடிச்சிடு மேஸ்திரி. மனுசனுக்கு மனுசன் மூஞ்சி பாக்காத மாதிரி கட்டினா அது வீடு இல்ல, பொட்டி. பத்துப் பேர பொட்டியில போட்டுப் பூட்டிட்டு நிம்மதியா இருந்துட்டேன். சண்டை வந்தா வரட்டும். சண்டை போடறவனுக்காவது பக்கத்து வீட்டுக்காரன் பேரு தெரிஞ்சிருக்கும்."