ஆறு தெரு நீளத்தில் ஒரு மாடிப்படி

தையற்கடைக்காரர் வீட்டுச் சமையலறை பல்பு ஒரு வருஷத்துக்கும் மேலாக அந்த வீட்டு சுவிட்சுக்குக் கட்டுப்படவில்லை. ஆறு தெரு தள்ளி இருந்த எலெக்ட்ரீஷியன் பயிற்சிக்கூடத்தில் அவருடைய மருமகன் சுவிட்சைப் போட்டால் எரிந்தது, அவன் அணைத்தால் அணைந்தது. தையற்கடைக்காரருக்கு இந்த விவரம் தெரியாது. பல்பைக் கழற்றி மேஜை டிராயரில் போட்டார். அது நூல்கண்டுகளுக்கு நடுவே கிடந்து எரிந்தது. டிராயருக்குள் வெளிச்சம் இருந்து யாருக்கு என்ன லாபம் என்று திரும்ப மாட்டிவிட்டார். கூப்பிட்டு வந்த எலெக்ட்ரீஷியன் மெயினை அணைத்துப் பார்த்தார், அப்போதும் எரிந்தது. டீ குடித்துவிட்டு, சுவிட்சின் மேல் கறுப்பு டேப்பைக் குறுக்கே ஒட்டி, இதற்கும் அந்த பல்புக்கும் இனி ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த மருமகனை ஊரில் லிஃப்ட்காரன் என்றுதான் சொல்வார்கள். கடைகள் நிறைந்த ஒரு பெரிய கட்டிடத்தின் லிஃப்டுக்குள் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, ஏறுகிறவர்களுக்குப் பொத்தானை அமுக்குவது அவன் வேலை. புது லிஃப்ட் வந்தபோது, ஜனங்களுக்கே பொத்தானை அமுக்கத் தெரியும் என்பதைக் கட்டிடத்தார் கண்டுபிடித்துவிட்டார்கள். நீண்டநாள் சேவைக்காக அந்த ஸ்டூலை அவன் கையிலேயே கொடுத்து அனுப்பினார்கள். பொத்தானுக்கும் சுவிட்சுக்கும் பெரிய தூரமில்லை என்று நினைத்து எலெக்ட்ரீஷியன் பயிற்சியில் சேர்ந்தான். சேர்ந்த சூட்டோடு சூடாக ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில், லைசென்ஸ் எப்போது கிடைக்கும் என்று மாமனார் கேட்டார். எதிரே மனைவி அவன் முகத்தையே ஆசையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாய் முந்திக்கொண்டது. கிடைத்துவிட்டது என்று சொல்லிவிட்டான்.

மகிழ்ந்துபோன மாமனார் மறுநாளே கடையில் இஸ்திரிப் பெட்டிக்கு ஒரு பிளக் போட்டுத் தரச் சொன்னார். போட்டான். சுவிட்ச் வழியே விடாமல் வயரை நேராக பிளக்குக்குக் கொடுத்துவிட்டதால், அணைத்த பிறகும் பெட்டி சூடாகவே இருந்தது. எல்லோரும் சாப்பிடப் போயிருந்த நேரத்தில் பள்ளி வாத்தியக்குழுவின் பேன்ட் அத்தனையும் கருகிப்போயின. குழு அந்த வருஷம் விளையாட்டு டிரவுசரில் அணிவகுத்தது. பொய் வெளியே வந்தது. லைசென்ஸ் அட்டையைக் கண்ணால் பார்க்காமல் மகளை அவன் வீட்டில் விட மாட்டேன் என்று தையற்கடைக்காரர் சொன்னார். ஆனால் அவள், அப்பா சொல்லிப் போகிறவளுமில்லை, தடுத்து நிற்கிறவளுமில்லை. வாசலில் பையை வைத்துக்கொண்டு, “பேன்ட் கருகினதுக்காக நான் போகல. என்கிட்டயும்தானே பொய் சொன்னீங்க” என்றாள். அவன் ஸ்டூலை இழுத்துப் போட்டான். அவள் உட்காராமல் அப்பா வீட்டுக்கு நடந்தாள்.

மறுநாளிலிருந்து பயிற்சிக்கூடத்தில் அவன் வயரிங் செய்த எந்தப் பலகையிலும் பல்பு எரியவில்லை. மாஸ்டர் டெஸ்டரை வைத்துப் பார்த்தார். வயர், ஹோல்டர், முடிச்சு எல்லாம் சரியாக இருந்தன. கரண்ட் சுவிட்ச் வரை வந்தது, சுவிட்சைத் தாண்டியும் போனது, பல்புக்கு மட்டும் வரவில்லை. கை இங்கே இருக்கிறது, நினைப்பு எங்கே இருக்கிறது என்று மாஸ்டர் கேட்டார். அவன் நடந்ததைச் சொன்னான். மாஸ்டர் தலையாட்டினார். அவருக்கு இது புதிதில்லை. சில வருஷம் முன்பு ஒரு பையன் ஊருக்குப் போகும் பஸ்ஸையே நினைத்துக்கொண்டு மாட்டிய மின்விசிறி, அந்த பஸ்ஸின் கடைசி சீட்டுக்கு மேலே சுற்றியிருக்கிறது. வயரை முறுக்கும்போது பல்பை மட்டும் நினை என்று புத்தி சொன்னார். லிஃப்ட்காரனும் பல்பை நினைத்துப் பார்த்தான். ஃபியூஸ் போன பல்பைக் காதருகே வைத்துக் குலுக்கிப் பார்க்கும் அவள் முகம்தான் வந்து நின்றது. சரி, ஹோல்டரை நினைப்போம் என்றால், அதை மாட்ட அவன் ஸ்டூலில் ஏறியபோது கீழே ஸ்டூலைப் பிடித்துக்கொண்டிருந்தவளும் அவள்தான்.

அங்கே அவளுக்குச் சங்கதி சீக்கிரமே பிடிபட்டுவிட்டது. வகுப்பு நேரத்தில் எரிகிறது, டீ நேரத்தில் அணைகிறது, லீவு நாளில் இருட்டாகவே இருக்கிறது. வேறு யாராக இருக்க முடியும்? அவள் யாரிடமும் மூச்சு விடவில்லை. பள்ளிச் சீருடைகளுக்குக் காஜா எடுக்கும் வேலையைச் சமையலறைக்கு மாற்றிக்கொண்டாள். கரியிலும் புகையிலும் ஏன் உட்கார்ந்திருக்கிறாய் என்று அப்பா கேட்டால், இங்கேதான் வெளிச்சம் என்றாள். லிஃப்ட்காரன் காய்ச்சலில் படுத்திருந்த நாட்களில் அந்த வீட்டில் ஒருவரும் அவளிடம் வாய்கொடுக்க முடியவில்லை. ஆனாலும் அவள் திரும்பிப் போகவில்லை, டேப்பையும் தொடவில்லை. கோபம் கோபமாகத்தான் இருந்தது.

உரிமத் தேர்வில் எழுத்துப் பகுதியை அவன் ஒரே மூச்சில் தாண்டிவிட்டான். செய்முறையில்தான் இரண்டு தடவை கவிழ்ந்தான். கொடுப்பது எப்போதும் மாடிப்படி வயரிங். ஒரே பல்பைப் படியின் கீழே ஒரு சுவிட்சாலும் மேலே ஒரு சுவிட்சாலும் போடவும் அணைக்கவும் முடிய வேண்டும். வேலை பார்த்த காலமெல்லாம் படியே ஏறாமல் மேலே போய் வந்தவனுக்கு இது வாய்த்ததே என்று மற்றவர்கள் சிரித்தார்கள். மூன்றாவது தடவையும் தவறினால் பயிற்சியை முதலிலிருந்து தொடங்க வேண்டும். இன்னும் இரண்டு வருஷம் அவள் அப்பா வீட்டிலேயே உட்கார்ந்திருப்பாளா என்று அவன் விரல்விட்டு எண்ணிப் பார்த்தான்.

மூன்றாவது தேர்வன்று அவன் செய்த வயரிங் பாடப்புத்தகப் படம் மாதிரி இருந்தது. கீழ் சுவிட்சைப் போட்டான். பல்பு எரியவில்லை. மேல் சுவிட்சைத் தட்டினான். அப்போதும் எரியவில்லை. மூலையில் மாஸ்டர் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார். தேர்வு அதிகாரி பேனா மூடியைக் கழற்றினார்.

சமையலறையில் பல்பு எரிந்து உடனே அணைந்தது. இன்றைக்குத்தான் மாப்பிள்ளைக்குக் கடைசிப் பரீட்சை என்று காலையில் அப்பா சொல்லியிருந்தார். அவள் ஊசியைத் துணியில் குத்தி வைத்துவிட்டு எழுந்தாள். டேப்பை நகத்தால் கிளப்பி உரித்தெடுத்து, சுவிட்சைப் போட்டாள். பல்பு எரிந்தது. அணைந்தபோதெல்லாம் மறுபடி தட்டினாள்.

தேர்வுக்கூடத்தில் பல்பு எரிந்தது. லிஃப்ட்காரன் பதறிப்போய் சுவிட்சைத் தட்டினான், அணைந்தது. அவன் கை எடுப்பதற்குள் தானாகவே திரும்ப எரிந்தது. மறுபடி அணைத்தான், மறுபடி எரிந்தது. போடுவது யார் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது, கண்ணில் நீர் முட்டியது.

அதிகாரி பலகையின் பின்பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு, இன்னொரு சுவிட்ச் எங்கே என்று கேட்டார். மேல் சுவிட்சைக் காட்டிவிட்டுத் தப்பித்திருக்கலாம். அவன் காட்டவில்லை.

“எங்க வீட்டுக்காரம்மா கையில இருக்கு சார். ஆறு தெரு தள்ளி, அவங்க அப்பா வீட்ல. லைசென்ஸ் வாங்கிட்டேன்னு நான் பொய் சொன்னதால போயிட்டாங்க.”

தேர்வெழுத வந்திருந்த அத்தனை பேரும் வயரை விட்டுவிட்டுத் திரும்பினார்கள். அதிகாரி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு விதிப்புத்தகத்தைப் புரட்டினார். ஒரு பல்பு, இரண்டு இடம் என்று இருந்தது. இரண்டு இடத்துக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்று எழுத யாருக்கும் தோன்றவில்லை. ஆனால் இரண்டு சுவிட்சையும் தேர்வு அதிகாரி தன் கையாலேயே போட்டுப் பார்க்க வேண்டும் என்று இருந்தது. அவர் விதியை மீறாத மனிதர். ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

பேன்ட் அளவு கொடுக்க வந்தவர் என்று நினைத்துத் தையற்கடைக்காரர் அளவு டேப்போடு எழுந்தார். அதிகாரி அதற்கும் ஈடுகொடுத்து இடுப்பளவைக் கொடுத்துவிட்டு, சமையலறை எங்கே என்று கேட்டார். சுவிட்சைப் போட்டார், அணைத்தார், தேர்வுக்கூடத்துக்குப் போன் செய்து எரிகிறதா என்று கேட்டார். எரிந்து அணைந்தது சார் என்று மாஸ்டர் கத்தியது சமையலறை முழுக்கக் கேட்டது.

“பாஸா சார்?” என்றாள் அவள்.

“விதிப்படி பாஸ்தாம்மா.”

“அவர் என்ன சொன்னார்?”

“உங்ககிட்ட பொய் சொல்லிட்டேன்னு சொன்னார்.”

“எல்லார் முன்னாடியுமா?”

“எல்லார் முன்னாடியும்தான். வயரிங்ல குறை சொல்ல முடியாது. மாடிப்படிதான் ரொம்ப நீளம்.”

அவள் காஜா எடுத்துக்கொண்டிருந்த சட்டையை மடித்து வைத்தாள்.

“அதை நான் குறைச்சுடறேன் சார்” என்று சொல்லிவிட்டுப் பையை எடுக்க உள்ளே போனாள்.

லைசென்ஸ் அட்டை வர மேலும் மூன்று மாதமானது. அதைத் தையற்கடைக்காரர் இருபக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, அட்டை தேய்ந்துவிடாமலிருக்க ஒரு துணி உறை தைத்துக் கொடுத்தார். லிஃப்ட்காரன் மாட்டுகிற பல்புகள் இப்போது மாட்டிய இடத்திலேயே எரிகின்றன. வேலைக்குக் கூப்பிடுகிறவர்கள் மட்டும், வீட்டுக்காரம்மா வீட்டில் இருக்கிறார்களா என்று முதலில் கேட்டுக்கொள்வார்கள். அவள் அப்பா வீட்டுக்கு நாலு நாள் போயிருந்தால், வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவார்கள். தேர்வுக்கூடத்துப் பலகையை யாரும் பிரிக்கவில்லை. விதிப்படி தேறிய வயரிங்கைக் கலைக்க அதிகாரிக்கு மனம் வரவில்லை. சாயங்காலம் அந்த பல்பு தானாக எரியும். தையற்கடைக்காரர் டீ போடச் சமையலறைக்குள் போய்விட்டார் என்று அர்த்தம். ஆபீஸில் இருக்கிறவர்களும் பேனாவை மூடிவிட்டு டீ குடிக்க எழுந்துகொள்வார்கள்.